கவலைக்கு ஒரு வீடு

(மூன்றாம் ஆண்டு இளங்கலை விலங்கியல் மாணவன்)

தமிழன் ‘நாய்’ என்ற சொல்லை இரண்டு இடங்களில் தாராளமாகச் செலவிடுகிறான். ஒன்று வசவு, மற்றொன்று பக்தி. குழாயடியிலும் பேருந்திலும் எதிரியை ஏச வேண்டுமானால் நாய் வருகிறது. மாணிக்கவாசகரோ இறைவன் திருமுன் தம்மையே நாயாக வைத்துப் பாடினார். நட்பிற்கு உவமை தேடிய நாலடியார் யானையை ஒதுக்கிவிட்டு நாயை அருகில் வைத்துக்கொண்டது. பைரவருக்கு அது ஊர்தி. தருமபுத்திரனுக்கு வானுலக வாயில்வரை வழித்துணை. இவ்வளவு பெருமையும் தெருவில் சுருண்டு கிடக்கும் ஒரு நாய்க்கு ஒரு வேளைச் சோறாக மாறியதா என்று கேட்டால், நண்பர்களே, நாம் தலையைச் சொறிய வேண்டியதுதான்!

நான் நொச்சிக்குப்பத்தில் பிறந்தவன். கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, சாந்தோம் தேவாலயத்திற்கும் கடலுக்கும் இடையே, படகும் வலையும் மீன்வாடையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கலந்து கிடக்கும் இடம் அது. எங்கள் குப்பத்து நாய்கள் எந்த வீட்டிற்கும் உரியவை அல்ல; ஆனால் தெருவிற்கு உரியவை. விடியற்காலையில் படகுகள் கரையேறும்போது மனிதருக்கு முன்னே அவை வந்து நிற்கும். வலையிலிருந்து உதறி விழும் காரைப்பொடியும் நண்டுக்குஞ்சும் அவற்றின் பங்கு. இரவில் வலைகளுக்கும் எஞ்சின்களுக்கும் அவையே காவல். அதே நாய்கள் காயப்போட்ட கருவாட்டை இழுத்துச் செல்வதும் உண்டு. அப்போது எங்கள் ஆயா வாயிலிருந்து வரும் சொற்களை ஆண்டு மலரில் அச்சிட முடியாது.

எங்கள் கடற்கரைக்கு வேறொரு வகை நாயும் வருவதுண்டு. இரவு பத்து மணிக்கு மேல் ஒரு கார் வந்து நிற்கும். கதவு திறக்கும், மூடும். கார் போய்விடும். மறுநாள் காலையில் ஒரு லாப்ரடாரோ பொமரேனியனோ கழுத்தில் வார்ப்பட்டையின் தழும்போடு போகிற ஒவ்வொரு காரையும் மோந்து பார்த்துக்கொண்டு நிற்கும். பங்களாவில் வளர்ந்தது அது. உதிரி மீனைப் பொறுக்கத் தெரியாது. குப்பத்து நாய்கள் அதைச் சேர்க்கமாட்டா. குட்டியாக வாங்கியபோது கொடுத்த விலையை ஊரெல்லாம் சொன்ன அந்த மனிதர்கள், நோய் கண்டபோது யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் நகரின் தென்பகுதியிலுள்ள ஒரு விலங்குக் காப்பகத்திற்குப் போய்த் தொண்டு செய்கிறேன். என் தந்தையாருக்கு இது அறவே பிடிக்காது. “நாம சோறு துன்றது மீனை வெச்சி, நீ நாயிக்கு ஊழியம் பண்ணப் போறியா?” என்பார். அவர் வெறுப்பிற்குக் காரணம் உண்டு. சிறுவயதில் அவரை நாய் கடித்தது. அக்காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தை வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசிகளாகப் போடுவார்கள். அந்த மருந்து 2004-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. இப்போது புஜத்தில் நான்கைந்து ஊசிகளே. ஆனால் எங்கள் நைனாவின் வயிறு இன்னும் அதை மறக்கவில்லை.

சென்னை மாநகரம் நாயை நடத்திய வரலாறு அறியத்தக்கது. பல்லாண்டுக் காலம் மாநகராட்சி தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருந்தது. கொல்லக் கொல்ல எண்ணிக்கை குறைந்ததா? இல்லை. ஒரு தெருவில் உணவு இருக்கும்வரை, காலியான இடத்திற்கு அடுத்த தெரு நாய் வரும், குட்டி போடும். விமானி கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய ‘புளூ கிராஸ்’ அமைப்பு 1964 முதல் வேறொரு வழியைச் சொல்லி வந்தது: கொல்லாதீர்கள்; கருத்தடை செய்யுங்கள், வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள், பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று. மாநகராட்சி அதற்குச் செவிசாய்த்து, தென் சென்னையில் செய்து பார்க்க இசைந்தது 1996-இல்! முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு யோசனையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் பொறுமையை என்னவென்பது! பின்னர் 2001-இல் மத்திய அரசின் விதியாகவே அது வந்தது. 2023-இல் அவ்விதி புதுப்பிக்கப்பட்டது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் பிறக்கக் காரணமாக இருந்தவரும் நம் அடையாற்றுக்காரரே. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அதன் வித்து. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவர்.

ஆகவே, தெரு நாய்களையெல்லாம் பிடித்து வீடுகளில் அடைப்பது எங்கள் வேலை என்று யாரும் எண்ண வேண்டா. காதில் சிறு வெட்டோடு திரும்பிப் போகும் நாய் தன் தெருவில் வாழ்ந்துகொள்ளும். 2025 ஆகஸ்டில் தில்லித் தெரு நாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் முதலில் ஒன்று சொல்லி, பத்துப் பதினொரு நாளில் அதைத் திருத்தி, நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களுக்குத் தனி ஆணை பிறப்பித்தபோது, எங்கள் வகுப்பில் பட்டிமன்றமே நடந்தது. அந்த வழக்கு பெரிது. அதை அறிந்தவர்கள் எழுதட்டும். நான் எழுத வந்தது தெருவிற்குத் திரும்ப முடியாத நாய்களைப் பற்றி. தாயை இழந்த குட்டி, கைவிடப்பட்ட வீட்டு நாய், கால் போன நாய் ஆகியவற்றிற்கே வீடு தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் குப்பத்துக் கருப்பு நாய் ஒன்று அப்படித்தான் அங்கு வந்தது. அதற்குக் ‘கவலை’ என்று பெயர். கவலை மீன் என்றால் உயிர் என்பதால் வந்த பெயர். “கவலை வந்துட்டா, சோறு வைங்க” என்று எங்கள் தெருப் பெண்கள் சொன்னால் புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். கடற்கரை வளைவுச் சாலையில் ஒரு நாள் காலை, மீன் வாங்க வந்த வண்டிகளுக்கிடையே அதன் பின்னங்கால் ஒன்று நசுங்கிப் போயிற்று. காலை எடுக்க வேண்டியதாயிற்று. புண் ஆறியது. ஆனால் மூன்று காலோடு அந்தச் சாலையை அது எப்படிக் கடக்கும்?

உடல் ஆறிய பிறகுதான் உள்ளம் ஆற வேண்டிய வேலை தொடங்குகிறது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் காப்பகத்தில் பதினொரு ஆண்டுகளாகப் பணிபுரியும் ஓர் அக்கா. எட்டாம் வகுப்போடு நின்றவர். விலங்கின் நடத்தையைப் பற்றி நான் பாடப்புத்தகத்தில் படித்ததை அவர் கையால் செய்துகாட்டுவார். “மொத மூணு நாளு ஒண்ணும் பண்ணாத தம்பி. சும்மா குந்து” என்றார். நான் கூண்டுக்குள் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். நாயின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது; அது சண்டைக்கு அழைப்பு. தலைக்கு மேலிருந்து கையை நீட்டக் கூடாது. அப்படி வந்த கைகளெல்லாம் அதற்கு அடித்த கைகளே. முதல் நாள் கவலை மூலையை விட்டு அசையவில்லை. இரண்டாம் நாள் நான் வைத்த முட்டைத் துண்டை, நான் வெளியேறிய பின் தின்றது. நான்காம் நாள் என் செய்தித்தாளின் மேல் வந்து படுத்துக்கொண்டது. அன்றைய விளையாட்டுச் செய்திகளை நான் படிக்கவே இல்லை!

பயிற்சி என்றதும் பலரும் சர்க்கஸை நினைக்கிறார்கள். கைகுலுக்கும் நாயல்ல நமக்கு வேண்டியது. ஒரு வீட்டில் மனிதரோடு வாழ்வதற்கு வேண்டியவை மிக எளியவை: பெயர் சொன்னால் திரும்பிப் பார்த்தல், கயிற்றை இழுக்காமல் நடத்தல், தட்டருகே ஆள் வந்தால் சீறாமை, தனியே இருக்கப் பழகுதல், வெளியே போய் மலசலம் கழித்தல். இவற்றிற்கு அடியும் வேண்டா, அதட்டலும் வேண்டா. நாய் எதைச் செய்தால் நன்மை கிடைக்கிறதோ அதைத் திரும்பச் செய்யும். சூட்சுமமெல்லாம் நேரத்தில் இருக்கிறது. கயிறு தளர்ந்த அந்த நொடியிலேயே ஒரு குறிப்புச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு தீனி தர வேண்டும். மூன்று நொடி தாமதித்தால், வேறு எதற்கோ பரிசு கிடைத்ததாக அது எண்ணிக்கொள்ளும். மேல்நாடுகளில் இதற்கு ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சிறு கருவி வைத்திருக்கிறார்கள். எங்கள் அக்கா வைத்திருப்பது ‘சபாஷ்’! மணியோசை கேட்டு நாயின் வாயில் நீர் ஊறியதைக் கண்ட ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் எங்கள் காப்பகத்திற்கு வந்திருந்தால், ‘சபாஷ்’ கேட்டு நாற்பது நாய்கள் நாக்கைச் சப்புவதைக் கண்டு மகிழ்ந்திருப்பார். ஒருமுறைக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் நாய் கொட்டாவி விடும். அது தூக்கத்தால் வருவதன்று, தவிப்பால் வருவது.

சீறலைப் பற்றி ஒரு சொல். நாய் உறுமினால் அடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. உறுமல் என்பது ‘விலகிப் போ’ என்று அது தரும் முன்னறிவிப்பு. அதை அடித்து நிறுத்தினால் அச்சம் நிற்காது. அறிவிப்பு மட்டும் நின்றுபோகும். அப்புறம் அந்த நாய் சத்தமில்லாமல் கடிக்கும். உணவுத் தட்டைக் காக்கும் நாயிடமிருந்து தட்டைப் பிடுங்குவதும் அப்படித்தான். பிடுங்கக் கூடாது, அதைவிட நல்ல பண்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தட்டருகே வரும் ஆள் எடுக்க வருபவன் அல்லன், போட வருபவன் என்று அது அறிந்தால் சீற என்ன தேவை?

கவலைக்கு ‘உட்கார்’ என்று கற்பிக்க ஒரு புதிய தொண்டர் பாடுபட்டார். அக்கா சிரித்தார். பின்னங்கால் ஒன்று இல்லாத நாயால் சமமாக உட்கார முடியாது. ஒரு பக்கம் சரியும். அதனால் நேரே ‘படு’ என்பதைக் கற்பித்தோம். மொசைக் தரையில் வழுக்கியதால் கோணியை விரித்து நடக்கவிட்டோம். எல்லாவற்றையும் அது கற்றது. இரு சக்கர வண்டியின் ஒலியை மட்டும் அதனால் தாங்க முடியவில்லை. காப்பகத்தின் மறு கோடியில் ஒரு வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, இங்கே முட்டை; நாளுக்குச் சில அடி அருகே கொண்டுவந்து, மீண்டும் முட்டை. ஏழு வாரம் ஆயிற்று. வண்டி பத்தடி தூரத்தில் நின்று உறுமும்போது கவலை என் முகத்தைப் பார்த்து, ‘முட்டை எங்கே?’ என்று கேட்ட நாளில் அக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பயிற்சி ஒரு பாதி என்றால், வீடு பார்ப்பது மறுபாதி. எனக்கென்னவோ இது பெண் பார்க்கும் படலத்தைவிடக் கடினமாகத் தோன்றுகிறது. வருகிறவர்கள் முதலில் கேட்பது, “லேப் இருக்கா சார்?” என்பதே. அடுத்து வெள்ளைக் குட்டி. கருப்பு நாய்க்கு மாப்பிள்ளை வீட்டார் உதட்டைப் பிதுக்குவதுபோலப் பிதுக்குகிறார்கள். 1957-இல் சோவியத் நாடு வானவெளிக்கு அனுப்பிய லைக்காவும் மாஸ்கோ நகரத் தெருவில் திரிந்த கலப்பின நாய்தான். குளிரும் பசியும் தாங்கிய உடம்பு என்றே அதைத் தேர்ந்தார்கள். பாவம், திரும்பி வருவதற்கு மட்டும் வழி செய்யவில்லை. நம் நாட்டு நாய்க்கும் வெயில் தாங்கும் உடம்பு உண்டு. அடர்ந்த மயிர்கொண்ட சைபீரிய நாயைச் சென்னை மே மாதத்தில் மூன்றாம் மாடியில் வைத்து வளர்க்கிறவர்களை என்னவென்று சொல்வது?

கேட்க வேண்டிய கேள்விகளை அக்கா மனப்பாடமாக வைத்திருக்கிறார். பகலில் வீட்டில் யார் இருப்பார்? சொந்த வீடா, வாடகையா? வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டாரா? எத்தனையாவது மாடி? கைக்குழந்தை உண்டா? பாட்டிக்குச் சம்மதமா? இந்தக் கடைசிக் கேள்வியை வெளிநாட்டுக் காப்பகங்களில் கேட்பார்களோ, மாட்டார்களோ! நம் ஊரில் பாட்டி ஒப்பாத வீட்டில் நாய் நிலைக்காது. வந்தவர் சொல்லும் விடையைவிட, நாய் தம்மேல் தாவும்போது அவர் சட்டையைப் பார்க்கிறாரா நாயைப் பார்க்கிறாரா என்பதை அக்கா கவனிப்பார்.

தியாகராய நகரில் ஓர் அடுக்கக வீட்டார் முதலில் கவலையை அழைத்துப்போனார்கள். நல்லவர்கள். ஒன்பதாம் நாள் கொண்டுவந்து விட்டார்கள். மின்தூக்கியில் நாய் ஏறக் கூடாதென்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டதாம். அப்படித் தடுக்கலாகாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. தாளில் இருப்பது தாளில். மூன்று காலோடு நான்கு மாடி ஏற வேண்டியது நாய். அந்த வீட்டுச் சிறுமி கயிற்றை என் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள். கவலை அன்றிரவு சாப்பிடவில்லை. மறு வாரம் மீண்டும் மூலைக்குப் போய்விட்டது. நானும் மீண்டும் செய்தித்தாளோடு உட்கார்ந்தேன்.

அந்த வாரத்தில்தான் எங்கள் தெருவில் ஏழு வயதுப் பையன் ஒருவனை நாய் கடித்தது. ஆடுசதையில் இரண்டு பல். நான் அங்கே இருந்ததால் குழாயைத் திறந்துவிட்டுப் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவினேன். மஞ்சளும் மிளகாய்த்தூளும் வைக்க வந்த கிழவியைத் தடுத்தேன். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டார்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அப்புறம் மருத்துவம் ஏதுமில்லை. தோன்றுமுன் போட்டால்தான் காப்பு. அடுத்தடுத்த தவணைகளுக்கும் அவன் தாயோடு நானே போனேன். கூடையைத் தலையில் வைத்து மீன் விற்றுப் பிழைக்கும் அந்த அம்மாள், மருத்துவமனைத் திண்ணையில் என்னிடம் கேட்டார்: “நாயிக்கு ஊடு தேடுறியே தம்பி, என் புள்ளைக்கு இன்னா பதில் வெச்சிருக்க?”

என்னிடம் பதில் இருந்தது. கருத்தடை, தடுப்பூசி, குப்பையை மூடி வைத்தல் என்று வகுப்பில் சொன்னால் மதிப்பெண் கிடைக்கும் பதில். அதை அந்தத் திண்ணையில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவருடைய ஒரு நாள் வியாபாரம் போய்விட்டது. பையன் நாயைக் கண்டால் இன்றும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். காப்பகத்திலிருந்து தடுப்பூசி போடும் குழுவை எங்கள் தெருவிற்கு அழைத்து வந்தேன். வலை போட்டு நாய் பிடிக்க எங்கள் ஆட்களுக்கா சொல்லித்தர வேண்டும்! ஒரே காலையில் பத்தொன்பது நாய்களுக்கு ஊசி போட்டாயிற்று. பிடித்தவர்களில் முதல் ஆள் என் தந்தையார். “கடிச்சிதுன்னா மறுபடி எனக்கு ஊசியா?” என்று கேட்டுக்கொண்டே பிடித்தார். அந்த அம்மாள் வாசலில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கவலைக்கு வீடு அமைந்தது ஐப்பசி மழையின்போது. மந்தைவெளியில் வாழும் ஓய்வுபெற்ற அஞ்சலகப் பணியாளர் ஒருவர் கைத்தடி ஊன்றி வந்தார். மனைவி இறந்து இரண்டு ஆண்டு ஆகிறதாம். தரைத்தள வீடு, பின்னால் சிறு கொல்லை. குட்டிகளைக் காட்டினோம். “இதுங்க ஓடும். நான் ஓட முடியாது தம்பி” என்றார். கவலையை வெளியே கொண்டுவந்தேன். தடியைக் கண்டதும் அது பின்வாங்கியது. அவர் தடியை மெல்லக் கீழே போட்டுவிட்டு, சிரமப்பட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை! அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். கால் மணி நேரம் கழித்து இருவரும் காப்பக முற்றத்தில் ஒரு சுற்று நடந்தார்கள். அவருக்கும் மூன்று கால், அதற்கும் மூன்று கால். நடை ஒன்றாகவே இருந்தது.

ஒரு சிக்கல் எழுந்தது. அவர் புலால் உண்ணாதவர். எங்கள் கடற்கரையில் மீன் தின்று வளர்ந்த நாய் தயிர்ச்சோற்றில் வாழுமா? நாய் ஓநாயின் வழிவந்ததாயினும், மனிதனோடு வாழத் தொடங்கிய பின் மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் பெற்றதென்று 2013-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் மரபணுக்களைக் கொண்டு காட்டியிருக்கிறார்கள். சோறு செரிக்கும், ஆனால் சோறு மட்டும் போதாது. அவர் சற்று யோசித்தார். “கொல்லையில தனியா ஒரு ஸ்டவ் வெச்சுக்கறேன். முட்டை அவிக்கறதுக்கு மட்டும்” என்றார். வெங்காயம் கூடாது, சாக்லேட்டும் திராட்சையும் கூடவே கூடாது என்று அக்கா தாளில் எழுதிக் கொடுத்தார். இரு வாரம் பழக்கிப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் போய்வந்தேன். ஆறாம் நாள் கதவைத் தட்டியபோது கவலை என்னைப் பார்த்துக் குரைத்தது. எனக்கு ஒரு கணம் மனம் சுருங்கியது. மறு கணம் ‘சபாஷ்’ என்றேன்.

பெயர்தான் பாக்கி. பெங்களூரிலிருக்கும் அவர் மகள் தொலைபேசியில், “அப்பா, வாசல்ல நின்னு ‘கவலை, உள்ளே வா’ன்னு கூப்பிடுவீங்களா?” என்று கேட்டாராம். புதுப்பெயர் வைத்தால் பழகுமா என்று அவர் என்னைக் கேட்டார். முழுப் பெயரையும் மாற்ற வேண்டாம், ஓசை ஒத்து வரட்டும் என்றேன். தமிழில் பற்றுள்ள மனிதர். நடு எழுத்தை மட்டும் எடுத்துவிட்டார். மாநகராட்சி உரிமத்திற்கு விண்ணப்பம் நிரப்ப நான் உடனிருந்தேன். பெயர்: கலை. பால்: பெண். இனம்: நாட்டு நாய். நிறம்: கருப்பு. ‘முன்பு இருந்த இடம்’ என்று அதில் ஒரு கட்டம் இல்லை. அவர் தாமாகவே ஓரத்தில், நொச்சிக்குப்பம் என்று எழுதி, கீழே கோடிட்டார்.